படுக்கப் போட்ட பீம்

நான் வெளியில் டீ குடிப்பதில்லை. ஆகவே நீங்கள் வாங்கிவரச் சொன்ன டீ மேசையில் ஆடை கட்டிக் கிடப்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. யார் போட்டது, எந்தப் பாலில் போட்டது என்று தெரியாத எதையும் நான் வாயில் வைப்பதில்லை. இன்று நேற்று வந்த பழக்கமல்ல.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்கும் அதுதான் காரணம். உங்கள் ரைட்டர் நல்ல மனிதர்தான். ஆனாலும் நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று எழுத, அதில் நான் கையெழுத்துப் போடுவது சரிப்படாது. சேந்தமங்கலத்தில் எங்கள் தெருவில் பட்டா மாறுதல், முதியோர் பென்சன், கரண்ட் கனெக்சன் என்று எந்த மனுவானாலும் அர்த்தநாரியிடம் எழுதிக்கொள் என்றுதான் அனுப்புவார்கள். முன்னதை முன்னும் பின்னதைப் பின்னுமாக எழுத எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நேற்று எங்கள் முதலாளி கந்தவேல் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணன் கணக்குத் தப்பிப்போச்சுங்க சார். வயசாயிருச்சு. வேணும்னு பண்ணலீங்க, உட்டுருங்க" என்று கெஞ்சியதை இந்த பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நல்ல எண்ணத்தில் சொன்னாரா, வேறு எண்ணத்தில் சொன்னாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். நீங்களும் நம்பிவிட்டீர்கள். கவனக்குறைவு என்று ஒரு கேஸைப் போட்டு, ஜாமீனில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டீர்கள். அப்போதுதான் நான் காகிதம் கேட்டேன்.

என் கணக்குத் தப்பவில்லை.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வரும் ரோட்டில் எங்கள் பட்டறை இருக்கிறது. போர்வெல் போடும் ரிக் வண்டிகளை ரிப்பேர் பார்ப்பது தொழில். வடக்கே எங்கெங்கோ போய்ப் பூமியைத் துளைத்துவிட்டு, செம்மண்ணும் கருமண்ணும் அப்பிக்கொண்டு வரும் வண்டிகள். இன்ஜினையும் கம்ப்ரசரையும் கழற்றி இறக்க வேண்டும், சரிசெய்து மறுபடி ஏற்ற வேண்டும். நான் அங்கே சூப்பர்வைசர். எந்தப் பாரத்தை எதில் தூக்கலாம், எதில் தூக்கக்கூடாது என்று சொல்வது என் பொறுப்பு. பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து அந்தச் சொல்லுக்கு மறுசொல் இருந்ததில்லை.

பட்டறைக்கு நடுவில் இரண்டு இரும்புத் தூண்கள். இரண்டின் தலையிலும் அகலமான பள்ளமாகக் காடி வெட்டி, அதில் குறுக்கே ஒரு பீம். தூணுக்குத் தூண் மூன்று மீட்டர். உள்கூடு இல்லாத, கெட்டியான செவ்வக இரும்பு. ஒரு பக்கம் நூற்றிருபது மில்லி, மறுபக்கம் நாற்பது மில்லி. கனத்த பலகையைக் குறுக்குவாட்டில் நிமிர்த்தி நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி, நூற்றிருபது மில்லி உயரமாக நிற்கும்படி வைத்து, ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் காடிக்குள் தகடுகள் செருகியிருந்தோம். அதில்தான் பாரம் தூக்கும் செயின் பிளாக் தொங்கும். அந்த இரும்பைப் பொறுக்கி எடுத்தவன் நான். அதன் அகலமான முகத்தில் சிவப்பு பெயின்டில் "2 டன்" என்று எழுதியவனும் நான்.

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு வாத்தியார் இருந்தார். மர ஸ்கேலால் அடிப்பார். கோபம் கொஞ்சமாக இருந்தால் பட்டையால் அடிப்பார். பளீரென்று சத்தம் வரும், வலி இருக்காது. ஸ்கேல் வளைந்து பாதி அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். கோபம் மிஞ்சினால் ஸ்கேலைத் திருப்பி விளிம்பால் போடுவார். சத்தமே வராது. அதே ஸ்கேல், அதே கை. மற்ற பையன்கள் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு அழுதார்கள். நான் ஸ்கேலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று பிற்பாடு பாலிடெக்னிக்கில் தெரிந்தது. கெட்டிச் செவ்வகம் வளையாமல் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, அகலத்தை உயரத்தால் பெருக்கி, திரும்பவும் அதே உயரத்தால் பெருக்கி, ஆறால் வகுக்க வேண்டும். அகலம் ஒரு தடவைதான் வருகிறது, உயரம் இரண்டு தடவை. சூட்சுமம் முழுதும் அதில்தான். எங்கள் பீம் நிமிர்ந்து நின்றால் நாற்பது, நூற்றிருபது, நூற்றிருபது. ஆறால் வகுத்தால் தொண்ணூற்றாறாயிரம். அதையே படுக்கப் போட்டால் நூற்றிருபது, நாற்பது, நாற்பது. முப்பத்திரண்டாயிரம். மூன்றில் ஒரு பங்கு. இரும்பின் எடை குறையவில்லை. யாரும் எதையும் அறுக்கவில்லை, திருடவில்லை. திருப்பிப் போட்டது மட்டும்தான்.

நிமிர்ந்த பீமின் நடுவில் மூன்று டன்னுக்கு மேல் தொங்கவிட்டால்தான் அது நிரந்தரமாக வளையும். கொஞ்சம் தாராளம் விட்டு இரண்டு டன் என்று எழுதினேன். படுத்த பீமுக்கு அந்த எல்லை ஒரு டன்னைத் தாண்டியதும் வந்துவிடும். ஆனால் கெட்டிச் செவ்வகத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மேல்தோலும் அடித்தோலும் இளகிய பிறகும் உள்சதை உடனே விட்டுக்கொடுக்காது. இன்னும் பாதி அளவுக்குப் பொறுத்துப் பார்க்கும். அதையும் சேர்த்தால் ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல். அதற்கப்புறம் மடங்கும். நீங்கள் கூட்டிவந்த காலேஜ் இன்ஜினியர் வேண்டுமானால் போட்டுப் பார்க்கட்டும். இதே விடைதான் அவருக்கும் வரும்.

இனி பிரபாகரைப் பற்றி.

பிரபாகர் அயோத்தியாப்பட்டணத்துக்காரன். சில வருடங்களுக்கு முன்னால் ஃபோர்மேனாக வந்து சேர்ந்தான். நாற்பது வயது இருக்கும். வேலைக்காரன், அதில் குறை சொல்ல மாட்டேன். வாயும் இருந்தது. அவன் வந்த பிறகு பட்டறையில் சிரிப்புச் சத்தம் அதிகமாகிவிட்டது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், "நம்ம அண்ணன் மழை பேஞ்சாக்கூட நனைய மாட்டாரு. யாரு மேல இருந்து ஊத்துறான்னு நிமுந்து பாப்பாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் அதையும் ஒரு கதையாக்குவான்.

பட்டறையில் அவனுக்குக் கெட்ட பழக்கம் ஒன்று இருந்தது. தூக்கிய பாரத்தின் அடியில் கையை வைப்பான், பசுவின் வயிற்றைத் தடவுவதுபோல. "கைய எடு, பாரத்துக்குக் கீழ போவாத" என்று பலமுறை கண்டித்திருக்கிறேன். பட்டறையே சாட்சி. கேட்க மாட்டான்.

அவன்மேல் எனக்குச் சந்தேகம் என்று முதலாளி உங்களிடம் சொன்னதாக அறிகிறேன். சந்தேகம் என்பது ஆதாரம் இல்லாதவன் படுவது. நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன், முடிவை நீங்களே எடுங்கள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் லேத் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பினால் பிரபாகர் போனை உயர்த்தி என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்னத்துக்கு?"

"சும்மாதாண்ணா. மூஞ்சில வெளிச்சம் நல்லா உழுந்துச்சு."

ஒருவனுடைய முகத்தில் வெளிச்சம் விழுகிறது என்று இன்னொரு ஆண்பிள்ளை படம் பிடித்து நான் கேள்விப்பட்டதில்லை. அதிலிருந்து என்னைக் கண்டால் போனைக் கவிழ்த்து வைத்தான்.

அடுத்து, முதலாளியின் சம்சாரம் சாரதாமணி. பூஜைக்கு அன்றி பட்டறைப் பக்கமே வராத அம்மாள், ஒரு நாள் காரை நிறுத்தி இறங்கி வந்து, "ஏனுங்கண்ணா, உங்க நட்சத்திரம் என்னுங்க?" என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா கேட்டனுங்க" என்று சிரித்தார். நான் விசாகம் என்று சொல்லிவைத்தேன். என் நட்சத்திரம் கேட்டை. ஒருவனுடைய நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ராத்திரியே என் மனைவி உஷாராணி சோறு போட்டுக்கொண்டே, "ஏனுங்க, உங்களுக்குக் கேட்டைதானுங்களே?" என்றாள். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் கேட்காத கேள்வி. பட்டறையில் நான் சொன்ன பொய் எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தது.

பிறகு போன். நான் உள்ளே நுழைந்தால் அவள் பேச்சை நிறுத்துவாள். "கேஸ் புக் பண்ணுனேனுங்க" என்பாள். எங்கள் வீட்டு சிலிண்டரைக் கையால் ஆட்டிப் பார்த்தால் எனக்கே எடை தெரியும். பாதிக்கு மேல் இருந்தது. அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். பிரபாகரின் நம்பர்.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம், கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் அக்காவைப் பார்த்து வருகிறேன் என்று அவள் சேலம் போனாள். பேரிங் வாங்கும் வேலை எனக்கும் அன்று சேலத்தில் இருந்தது, அவளிடம் அதைச் சொல்லவில்லை. கடைவீதியில் ஒரு நகைக்கடைப் படியில் அவள் இறங்கி வருவதைப் பார்த்தேன். பின்னால் பிரபாகர். அவள் கையில் இருந்த சின்ன சிவப்புக் காகிதப் பொட்டலத்தை அவனிடம் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தான் போட்டான். ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள், கையால் வாயை மூடிக்கொண்டு. என்னிடம் பேசும்போது அவள் வாயை மூடிக்கொள்ளும்படி சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் பேரிங் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"அக்கா எப்படி இருக்குது?" என்று சாயங்காலம் கேட்டேன்.

"நல்லா இருக்குதுங்க. வாழக்கா பஜ்ஜி போட்டுக் குடுத்துச்சு" என்றாள்.

என் மனைவியைப் பற்றி நான் தாழ்வாக ஒரு வார்த்தை எழுதவில்லை என்பதைக் கவனிக்கவும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பட்டறையில் எல்லாவற்றையும் இறக்கிக் கழுவி, துரு சுரண்டி, பெயின்ட் அடிப்பது வழக்கம். ஸ்பேனர் முதல் பீம் வரை. பீமையும் கீழே இறக்கி, மஞ்சள் பெயின்ட் அடித்து, காயவைத்து, மறுபடி தூக்கி வைப்போம். இந்த வருடம் காடியின் தகடுகளைக் கையில் எடுத்தபோது எனக்கு அந்த ஸ்கேல் ஞாபகம் வந்தது. முன்கூட்டித் திட்டம் போட்டேன் என்று எழுதிவிட வேண்டாம். ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். தகடுகளைப் பழைய இரும்புக் குவியலில் போட்டுவிட்டு வந்து சொன்னேன்:

"இந்த வருசம் படுக்கப் போட்டுரலாம். நிறுத்தி வெச்சா என்னைக்காச்சும் ஒரு நாள் கவுந்துரும்."

பட்டப்பகலில், பட்டறை ஆட்கள் அத்தனை பேர் முன்னால். யாருக்கும் தெரியாமல் நான் எதையும் செய்யவில்லை. ஒருவர்கூட மறுக்கவில்லை. நின்றுகொண்டிருப்பது விழும், படுத்திருப்பது விழாது என்றுதான் மனிதன் புத்தி போகும். பலகையைப் படுக்கப் போட்டால்தான் பத்திரம் என்று எந்தக் குழந்தையும் சொல்லும். பிரபாகர் மட்டும் கேட்டான்.

"இத்தன வருசம் நின்னுச்சேண்ணா?"

"அதனாலதான் சொல்றேன். நிக்கறவனுக்குத்தான் கால் வலிக்கும்."

அவன் சிரித்தான். "அண்ணன் பீமுக்கே சம்மணம் போடச் சொல்லிட்டாரு. புடிங்கப்பா" என்று ஒரு முனையை அவனே தூக்கினான். அவனுக்கு இன்ஜின் தெரியும். இரும்பு என்ன நினைக்கிறது என்று தெரியாது. அதைத் தெரிந்துவைத்திருக்கத்தான் நான் இருக்கிறேன் என்று நினைத்திருப்பான்.

படுத்த பீமின் முன்பக்கம் இப்போது நாற்பது மில்லி விளிம்புதான் தெரிந்தது. அதில் சின்ன எழுத்தில் "2 டன்" என்று திரும்ப எழுதினேன். உங்கள் இன்ஜினியர் இதைத்தான் பிடித்துக்கொண்டார் என்று தெரியும். ஏன் எழுதினாய் என்கிறீர்கள். வருடா வருடம் எழுதுவது, எழுதினேன். இந்த வருடம் வெறுமனே விட்டிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள்.

பட்டறை கூட்டும் பொன்னாயிதான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பாள். ஏணியில் ஏறி, சந்தனக் கிண்ணத்தோடு நின்று, "எங்கீங்க சாமி பொட்டு வெக்கறது? வருசா வருசம் அகலமா இருக்கும், மூணு பொட்டு தாராளமா வெப்பேன். இப்ப என்னுங்க, குறுகலாக் கெடக்குது?" என்றாள். இடமிருக்கிற அளவுக்கு வை என்றேன். கடுகு மாதிரி மூன்று வைத்தாள். பின்னால் உங்களிடம் முதலில் வாய் திறந்ததும் அவள்தான். அவளை நான் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. அது ஒன்றுதான் இதில் நான் கணக்கில் சேர்க்காமல் விட்டது.

விஜயதசமி அன்று முதல் வேலை தொடங்குவது பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பட்டறையில் பாரம் இறக்கும் முறை இது. பாரத்தை ஜாக்கி வைத்துத் தாங்கி, கீழே இருக்கும் மரக்கட்டைகளை உருவிவிடுவோம். மேலே செயினை விறைப்பாக இழுத்துக் கட்டுவோம். ஒருவன் ஜாக்கி பக்கத்தில் குத்தவைத்திருப்பான். "உடு" என்று ஒரு குரல் வரும். அவன் ஜாக்கியின் வால்வைத் திறப்பான். பாரம் முழுதும் பீமுக்கு மாறும். அவன் ஜாக்கியை இழுத்துக்கொண்டு வெளியே வருவான், பாரத்தை மெதுவாக இறக்குவோம். அந்த "உடு"வை யார் வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாது. கைராசி பார்ப்பதுபோல் வாய்ராசி பார்ப்பார்கள். விஜயதசமியின் முதல் "உடு", பட்டறை தொடங்கிய நாள் முதல், என்னுடையது.

இந்த வருடம் கந்தவேல், "அண்ணன் இன்னைக்கு உக்காரட்டும். பிரபாகர் சொல்லட்டும்" என்றார்.

என்னையும் உஷாராணியையும் பாய் போட்டு விளக்குக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். மாலைகூடப் போட்டார்கள். ஒரு மனிதனை ஓரம்கட்டும்போது மாலை போட்டுத்தான் ஓரம்கட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. அவள் என் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பிரபாகர் "உடு" என்றான். லாரி இன்ஜின் ஒன்று பீமில் ஏறியது. ஒரு டன்னுக்குள்தான். நான் மேலே பார்த்தேன்.

பொன்னாயியும் பார்த்தாள். "சாமி, பீமு சிரிக்குதுங்க" என்றாள். நடுவில் ஒரு விரற்கடைக்கு மேல் தொங்கி, இரண்டு முனையும் தூக்கி, சிரிப்பதுபோலத்தான் இருந்தது. நல்ல கண் அவளுக்கு. புதுப் பெயின்ட், கண்ணுக்கு அப்படித் தெரியும் என்று சொன்னேன். இன்ஜினை இறக்கியதும் பீம் பழையபடி நேரானது. நான் கணக்குப் போட்டிருந்தபடியே. நிறைவாக இருந்தது என்று எழுதினால் தவறாக நினைப்பீர்கள். கணக்குச் சரியாக வரும்போது எவனுக்கும் வருவதுதான்.

அதன் பிறகு நான் எதுவும் செய்யவில்லை. பீமைத் திருப்பி வைக்கச் சொல்ல ஒவ்வொரு நாளும் வாய்ப்பு இருந்தது, அதை மறுக்கவில்லை. இன்ஜின்கள் வந்தன, ஏறின, இறங்கின. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. என் மனதில் கெட்ட எண்ணம் இருந்திருந்தால் கனமான பாரம் ஒன்றை நானே வரவழைத்திருக்கலாம் அல்லவா? வரவழைக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளி கழிந்து கம்ப்ரசர் வந்தது. ரிக் வண்டியிலிருந்து கழற்றி, கட்டை அடுக்கி, அதன்மேல் உட்காரவைத்திருந்தார்கள். பிரபாகர் அதன் பக்கவாட்டில் இருந்த தகட்டைத் துணியால் துடைத்துப் படித்தான்.

"ரெண்டு டன் கிட்ட வருதுண்ணா. பீமு தாங்குமா?"

கேட்டான், ஐயா. அதை மறைக்க மாட்டேன். நான் மேலே கை காட்டினேன்.

"என்ன எழுதியிருக்குது?"

"ரெண்டு டன்."

"அப்புறமென்ன?"

"எழுதுனது அண்ணன் கையி. அதுக்கு மேல ஐஎஸ்ஐ முத்திரை எதுக்கு?" என்று பக்கத்தில் நின்றவனிடம் சொல்லிவிட்டு, கட்டைகளை உருவச் சொன்னான். செயினை நான் பிடித்து விறைப்பாக இழுத்தேன். அப்போது கந்தவேல் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, "பிரபாகர், நீயே சொல்லீரு" என்றார்.

பிரபாகர் ஜாக்கி பக்கத்தில் குத்தவைத்தபடி அவரைத் திரும்பிப் பார்த்தான். "வேண்டாங்க மொதலாளி. இது பெரிய பாரம். இதுக்கு அண்ணன் வாயில இருந்து வந்தாத்தான் நமக்கு நல்லது" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "சொல்லுங்கண்ணா" என்றான்.

என் இடத்தை எனக்கே திருப்பித் தருகிறவன்போல் பேசினான். அத்தனை பேர் முன்னால் பெருந்தன்மை காட்டுவது எவ்வளவு சாமர்த்தியமான காரியம் என்பது உங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவனுடைய இடது கை வழக்கம்போல் கம்ப்ரசரின் அடிவயிற்றில் இருந்தது. சட்டைப்பையில் பொத்தான் போட்டிருந்தான்.

"உடு சாமி" என்றேன்.

அவனை நான் சாமி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வால்வைத் திறந்தான். பீம் சத்தம் போடவில்லை. நடுவில் குனிந்தது, குனிந்துகொண்டே இருந்தது. எனக்குப் பார்க்க நேரம் இருந்தது. கீழே இருக்கிறவனுக்கு மேலே பார்க்கும் வேலை இல்லை, அவன் ஜாக்கியை இழுக்க உள்ளே சாய்ந்திருந்தான். இரண்டு முனையும் காடியை விட்டு வழுக்கின. நான் செயினை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதையும் யோசித்து வைத்திருந்தேன்.

அவனைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஆஸ்பத்திரிக்கும் போனேன். அங்கே எல்லோரும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். "படுக்கப் போட்டும் உழுந்துருச்சே, அண்ணன் என்ன பண்ணுவாரு" என்று என் தோளைத் தட்டினார்கள். பொன்னாயி மட்டும் பொட்டைப் பற்றியும் பீம் சிரித்ததைப் பற்றியும் உங்களிடம் சொல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் இன்ஜினியரை அழைத்திருக்க மாட்டீர்கள். அவர் வந்து, திருப்பிப் போட்டதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். நல்லது. ஆனால் சூப்பர்வைசருக்குக் கணக்குத் தெரியவில்லை, பாவம், பழைய ஆள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அதைத்தான் கந்தவேல் பிடித்துக்கொண்டார். அதைத்தான் நீங்களும் எழுதப் பார்த்தீர்கள். இந்த வட்டாரத்தில் இனி யார் எந்தப் பாரத்தைத் தூக்கினாலும், அர்த்தநாரிக்கு நிற்பதற்கும் படுப்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு ஆளைக் கொன்றுவிட்டான் என்று பேசுவார்கள். எனக்கு வித்தியாசம் தெரியும். தெரிந்துதான் செய்தேன். மூன்றில் ஒரு பங்கு என்று தெரியும், ஒன்றரை டன்னுக்கு மேல் மடங்கும் என்று தெரியும், அவன் எங்கே கை வைப்பான் என்று தெரியும்.

கடைசியாக, மேசைமேல் டீக்குப் பக்கத்தில் நீங்கள் வைத்திருக்கும் சிவப்புக் காகிதப் பொட்டலம் பற்றி. அவனுடைய சட்டைப்பையில் இருந்தது என்றீர்கள். பிரித்தும் காட்டினீர்கள். புதுத் தாலி.

வரும் தை மாதம் எனக்கு அறுபது நிறைகிறது. அது உண்மை. அதற்குத் திருக்கடையூரில் வைத்து எனக்கும் உஷாராணிக்கும் அறுபதாம் கல்யாணம் செய்ய, எனக்குத் தெரியாமல் பட்டறை ஆட்கள் எல்லோரும் சேர்ந்து ஏற்பாடு செய்தார்களாம். முன்கூட்டிச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேனாம். முன்னால் நின்று செய்தவன் பிரபாகராம். படம் எடுத்தது பேனருக்காம். நட்சத்திரம் கேட்டது நாள் குறிக்கவாம். மாலை போட்டு உட்காரவைத்தது அதற்கு முன்னோட்டமாம். நகைக்கடைக்காரர் அவனுக்குத் தெரிந்தவராம். "ஊட்டுல எங்க வெச்சாலும் அவரு பீரோவக் கொட்டிப் பாத்துக் கண்டுபுடிச்சிருவாருங்க. அதனாலதான் பிரபாகர் தம்பிகிட்டக் குடுத்து வெச்சேனுங்க" என்று உஷாராணி நேற்று இங்கே நின்று அழுதாள். அன்றைக்கு முதலாளியம்மாவிடம் கொடுத்துப் பூஜையறையில் வைக்கச் சொல்ல எடுத்து வந்திருந்தானாம். கந்தவேலும் இதையே சொல்கிறார், சாரதாமணியும் இதையே சொல்கிறார், பொன்னாயிகூட.

எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்பதை ஐயா கவனிக்க வேண்டும். முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளாமல் இத்தனை பேர் ஒரே மாதிரி சொல்ல முடியாது.

மேலே எழுதியவை யாவும் என் சுயநினைவோடு, யாருடைய தூண்டுதலும் இன்றி, நானே என் கைப்பட எழுதியவை. தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு ஒரே ஒரு கோரிக்கை உண்டு. என் மனைவிக்கு நான் கட்ட வேண்டிய தாலி, மேற்படி பிரபாகரின் சட்டைப்பையில், பொத்தான் போட்டு, நெஞ்சுக்குப் பக்கத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை மட்டும் தாங்கள் தீர விசாரித்து எனக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.